எல்லாம் எலி செய்த வேலை

மண்ணைத் தோண்டுகிறவர்களில் பல ரகம் உண்டு. கிணறு வெட்டுகிறவர் தண்ணீரைத் தேடுகிறார். புதையல்காரர் பொன்னைத் தேடுகிறார். நாய் தான் போன வாரம் புதைத்த எலும்பைத் தேடுகிறது. கிடைத்தால் கிடைத்தது என்பார்கள், கிடைக்காவிட்டால் கையை உதறிக்கொண்டு போய்விடுவார்கள். இந்த விஷயத்தில் நாய்க்கும் மனிதனுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் யூதா தேசத்து அடிவாரக் குன்றுகளில், கோடை பிறந்ததும் கூட்டமாக வந்து இறங்குகிறவர்களுக்கு நடுவே, வேறொரு ரகம் உண்டு. தலையில் அகலத் தொப்பி, கையில் கொத்தனாரின் கரணை, பையில் பழைய ஏற்பாடு. இவர் ராஜாவைத் தேடுகிறவர். கிடைக்காமல் போவது என்ற பேச்சே இவரிடம் கிடையாது.

எப்படி அடையாளம் கண்டுகொள்வது என்கிறீர்களா? சுலபம். மற்ற தொல்லியல்காரர்கள் குழிக்குள் இருப்பார்கள், இவர் குழியின் விளிம்பில் இருப்பார். இரண்டு கைகளையும் இடுப்பில் ஊன்றி, கண்ணைச் சுருக்கி, கீழே முட்டி போட்டு மண் சுரண்டுகிறவர்களின் தலைக்கு மேலாக மூவாயிரம் வருஷத்துக்கு அப்பால் பார்த்தபடி, தொண்டைக்குள்ளே "ம்ம்" என்று ஒரு சத்தம் போடுவார். அந்தச் சத்தம் கேட்டதும், இவ்வளவு நேரம் சுவராக இருந்தது இனிமேல் கோட்டைச் சுவர் என்று கீழே இருப்பவர்கள் புரிந்துகொள்ள வேண்டும். இரண்டு கல் எதிரெதிரே நின்றால் அது வாசல். ஒரு கல் தட்டையாகக் கிடந்தால் சிம்மாசன மேடை. கொஞ்சம் சாம்பல் தட்டுப்பட்டதா, போச்சு, எதிரிப் படை வந்து ஊரையே கொளுத்திவிட்டது. யாரோ ஒரு அம்மாள் ரொட்டி சுட்ட அடுப்பாக இருக்கலாமே என்று சொல்லிப் பாருங்கள். உங்களையே அந்த அடுப்பில் வைத்துவிடுகிற மாதிரி ஒரு பார்வை பார்ப்பார்.

'ஒருவேளை' என்று ஒரு சொல் இருக்கிறது அல்லவா, அது இவர் வாயில் நாள் முழுக்க நிற்காது. விடிவதற்கு முன்னால் வேலை தொடங்கும்போது, "ஒருவேளை இது வாசலா இருக்கலாம்" என்பார். அவித்த முட்டையும் வெள்ளரிக்காயும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் வருகிற பலகார வேளையில் அது பெரும்பாலும் வாசல். வெயில் உச்சிக்கு ஏறி, எல்லோருக்கும் குச்சி ஐஸ் கொடுக்கிற நேரத்தில், வாசலைத் தவிர வேறு எதுவுமாக அது இருக்க முடியாது. மத்தியானம் மனைவிக்குப் போன் போடும்போது, "நான் அன்னிக்கே சொல்லலையா?" என்கிற கட்டத்துக்கு வந்துவிடுவார்.

எங்கள் தெல் ஹரூவில் இந்த ரகத்துக்கு ஒரு நல்ல மாதிரி இருந்தார். தெல் என்றால், ஊர் இடிந்து அதன் மேல் ஊர் எழும்பி, அதுவும் இடிந்து, இப்படியே உயர்ந்துபோன மேடு. அந்த மேட்டின் கிழக்குக் குழிக்கு எஜமான் பேராசிரியர் அவ்னேர் கிலாதி. நல்ல மனிதர். அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், அப்புறம் சொல்ல இடம் கிடைக்காது.

அவ்னேர் வாலிபத்தில் தாவீது ராஜாவைத் தேடினார். கல்யாணமானதும் தாவீதின் மகன் சாலொமோனுக்கு இறங்கினார். தலை நரைத்தபின், சாலொமோனின் மகன் ரெகொபெயாம் கிடைத்தாலே போதும் என்ற நிலைக்கு வந்து சேர்ந்தார். அப்பன் வைத்துவிட்டுப் போன ராஜ்யத்தில் பெரும்பங்கைப் பட்டம் கட்டின கையோடு பறிகொடுத்த அந்தப் பிள்ளையைப் பற்றிப் பழைய ஏற்பாட்டு வேதத்தில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்று உண்டு: சில ஊர்களைக் கோட்டை கட்டிப் பலப்படுத்தினான். அந்த ஊர்களில் ஒன்று தெல் ஹரூவ்தான் என்பது அவ்னேரின் கட்சி. மாநாட்டுக்கு மாநாடு இதையே சொல்லிவந்தார். கேட்கிறவர்கள் வயதாகி ஓய்வுபெற்றுப் போனார்கள், புதியவர்கள் வந்தார்கள், ரெகொபெயாம் மட்டும் மாறவில்லை. பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இவர் முயலையே இன்னும் பிடிக்கவில்லை. ஹைஃபா நகரத்து வீட்டிலிருந்து மனைவி தலியா, "என்ன, ராஜா வந்தாச்சா?" என்று ஒவ்வொரு நாளும் கேட்பாள். வந்துகொண்டே இருக்கிறார் என்று இவர் சொல்வார். சரி, வெள்ளிக்கிழமை நீங்கள் வரும்போது பால் வாங்கி வாருங்கள் என்று அவள் போனை வைத்துவிடுவாள்.

அந்தக் கோடையில் அவ்னேருக்கு ஒரு சிக்கல் வந்து சேர்ந்தது. அகழாய்வுக்குத் தலைவர் ஓதேத். அவருக்குக் கரணை பிடிக்கக் கற்றுக்கொடுத்ததே அவ்னேர்தான். அதனால் எதை மறுத்தாலும் கூடுதல் மரியாதையோடு மறுப்பார். மேட்டில் இரண்டு குழிகள் திறந்திருக்கின்றன, அடுத்த வருஷம் ஒன்றுக்குத்தான் பண வசதி உண்டு, மற்றதை மணல் கொட்டி மூடிவிட வேண்டும் என்று அவர் சொல்லிவிட்டார். மேற்குக் குழி மீகாலுடையது. அவள் ராஜாவைத் தேடுகிற ரகம் இல்லை. அவளுக்குச் சாதாரண வீடுகள், அடுப்புகள், ஆட்டெலும்புகள் போதும். ஒரு பானை கருகிய பருப்பு கிடைத்ததற்கு ஒரு வாரம் சிரித்த முகமாக இருந்தாள். அவ்னேருக்கோ இன்னும் ஒரு கோடைதான் பாக்கி, அதோடு ஓய்வு. குழியை மூடினால் ரெகொபெயாம் மணலுக்கு அடியில், அவ்னேர் ஹைஃபாவில் பால் வாங்கிக்கொண்டு. ஆகவே கிழக்குக் குழியில் நிற்கிற இரண்டு சுவர்த் துண்டுகளும் நடுவே கல் பாவிய தரையும் ரெகொபெயாமின் வாசல்தான் என்று கோடை முடிவதற்குள் அவர் நிரூபித்தாக வேண்டும்.

எதை வைத்து நிரூபிப்பது? கல்லுக்கு வயது கேட்டால் கல் சொல்லாது. இதற்கு மண்ணாராய்ச்சிக்காரர்களிடம் ஒரு விதி உண்டு. தரைக்கு அடியில் இருப்பது தரைக்கு முந்தியது. வீட்டில் விரித்த பாயைத் தூக்குகிறீர்கள், அடியில் நேற்றைய செய்தித்தாள் கிடக்கிறது என்றால், பாய் விரித்தது நேற்றைக்கு அப்புறம்தானே? போன வருஷத்துப் பேப்பர்கள் நூறு கூடவே கிடந்தாலும் அந்த ஒரு பேப்பர் சொல்வதுதான் கணக்கு. அதே மாதிரி, தரைக்கு அடியில் கிடைக்கிற பானை ஓடுகளில் எது கடைசிக் காலத்துடையதோ, அதற்குப் பிற்பாடு போட்டதுதான் தரை. குழந்தைக்கும் புரிகிற விதி. பேராசிரியர்களுக்குத்தான் இதில் கஷ்டம்.

ஓடு பார்த்துக் காலம் சொல்கிறவர் ஹெத்வா. அவ்னேரோடு ஒரே வகுப்பில் படித்தவர். சாயங்காலம், நாங்கள் தங்கியிருந்த கிப்புட்ஸ் என்கிற கூட்டுப் பண்ணையின் விடுதியில், அத்திமரத்து நிழலில், கழுவிக் காயவைத்த ஓடுகளை மேசை மேல் பரப்பிக்கொண்டு, கத்தரிக்காய் பொறுக்குகிற மாதிரி ஒவ்வொன்றாக எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்து, இந்தப் பக்கம் வைப்பார் அல்லது அந்தப் பக்கம் எறிவார். கல் பாவிய தரைக்கு அடியிலிருந்து வந்த முதல் கூடையில் ஒரு ஓட்டை எடுத்தவர் இந்தப் பக்கமும் வைக்கவில்லை, அந்தப் பக்கமும் எறியவில்லை.

"ஏம்ப்பா அவ்னேர், இது ரெகொபெயாமோட கொள்ளுப்பேரனுக்கும் அப்புறம் வந்த பானை. உன் தரைக்கு அடியில எப்படிப் போச்சு?"

அவ்னேர் ஏலக்காய் போட்ட கறுப்புக் காபியை ஒரு வாய் உறிஞ்சினார்.

"எலி" என்றார்.

நியாயமாகச் சொல்ல வேண்டும். அந்த மேடுகளில் குருட்டு எலி என்று ஒரு ஜந்து நிஜமாகவே உண்டு. கண் கிடையாது, பல் உண்டு. அந்தப் பல்லை வைத்துக்கொண்டு பூமிக்குள் தெருத்தெருவாக வளை தோண்டும். மேலே கிடக்கிற ஓடு கீழே போகும், கீழே கிடப்பது மேலே வரும், மூன்று ராஜவம்சம் ஒரே வளையில் உருளும். அதனால்தான் வளை தட்டுப்பட்டால் அதன் ஓரத்தைக் கோடு கிழித்து, உள்ளே இருக்கிற பொலபொலத்த மண்ணை முதலில் தனியாக வாரி, அதிலே கிடைப்பதைத் தனிக் கூடையில் போட வேண்டும் என்று முதல் வருஷ மாணவனுக்கே சொல்லித்தருவார்கள். முதலில் வளையைக் காட்டு, அப்புறம் எலியைச் சொல்லு என்பது முறை. அவ்னேர் வளையைக் காட்டவில்லை. எலியை மட்டும் சொன்னார்.

சொல்லிப் பார்த்தாரா, ருசித்துவிட்டது. மறுநாள் அதே காலத்து ஓடு இன்னொன்று, குழியின் மறு கோடியில். எலி. அடுத்த வாரம் ஒரு விளக்கின் மூக்கு, இன்னும் பிந்தியது. எலி. பிறகு துருக்கியர் காலத்துப் புகைக்குழாயின் தலை. எலி புகை பிடித்ததா என்று கேட்கவேண்டாம், இழுத்துக்கொண்டு வந்தது என்றார். ஒருநாள் தரையின் கிழக்கு ஓரத்தில், கல்லுக்கு அடியிலிருந்து ஒரு சோடா பாட்டில் மூடி கிடைத்தது. அதைக் கையில் வாங்கி, திருப்பித் திருப்பிப் பார்த்து, வருத்தத்தோடு தலையை ஆட்டினார். "பாருங்க, எவ்வளவு தொல்லை" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இவர் கூடத்தைக்கூடக் குறை சொல்லவில்லை, கூடத்துக்கு அடியில் ஓடுகிற எலியைச் சொன்னார். அந்த எலிக்கு ஒரு விசேஷ குணம் வேறு இருந்தது. பிந்திய காலத்துச் சாமான் எங்கே கிடந்தாலும் கவ்விக்கொண்டுவந்து அவ்னேரின் தரைக்கு அடியில் சேர்த்துவிடும். ரெகொபெயாம் காலத்து ஓடு ஏதாவது கிடைத்ததோ, அதன் பக்கத்திலேயே போயிருக்காது. அந்த ஓடெல்லாம் மூவாயிரம் வருஷமாக வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தவை. ராஜாவுக்கு இவ்வளவு விசுவாசமான பிராணியை வேதத்திலேயே காண முடியாது.

வெளிநாட்டிலிருந்து சொந்தச் செலவில் தோண்ட வந்திருந்த தொண்டர்கள் அதற்குப் பேரே வைத்துவிட்டார்கள், நேபுகாத்நேச்சார் என்று. படையெடுத்து வந்து யூதாவின் ஊர்களை அழித்த ராஜாவின் பேர்தான் பொருத்தம் என்றார்கள். குழியில் யாருடைய தொப்பி காணாமல் போனாலும், பலகாரத்தில் சாக்லேட் தீர்ந்துபோனாலும் நேபுகாத்நேச்சார். ஹெத்வா ஒருநாள் ஓடுகளுக்கு மேலாக நிமிர்ந்து, "இவ்வளவு உழைக்கிற எலிக்கு ஒரு டாக்டர் பட்டம் குடுத்துரலாம்ப்பா. உன்னைவிட நிறைய தோண்டியிருக்கு" என்றார். அவ்னேர் சிரிக்கவில்லை. ஆராய்ச்சி விஷயத்தில் அவர் சிரிப்பதில்லை.

கோடையின் கடைசி வாரம் வந்தது. கடைசி வாரத்தில் ஒரு சடங்கு உண்டு. படம் எடுப்பதற்காகக் குழியைப் பெருக்குவார்கள். மண்ணிலே நின்றுகொண்டு, மண்ணின் மேல் இருக்கிற மண்ணை, மண் தெரியும்படி பெருக்குவது. பெருக்கினவர் பின்பக்கமாகவே நடந்து வெளியேற வேண்டும், கால் தடம் விழுந்தால் மறுபடி முதலிலிருந்து. படித்தவர்கள், பென்ஷன் வாங்குகிறவர்கள், வீட்டில் ஒருநாள் துடைப்பம் தொடாதவர்கள் எல்லாம் விடுமுறை எடுத்துக்கொண்டு கடல் தாண்டி வந்து இதைச் செய்வார்கள். கடைசி வியாழக்கிழமை எல்லோரும் ஊர்வலமாகக் குழி குழியாகப் போவார்கள். ஒவ்வொரு குழியின் எஜமானும் தான் கண்டதைச் சொல்வார். அந்த ஊர்வலத்தின் முடிவில் எந்தக் குழிக்கு மணல் என்று ஓதேத் சொல்வதாக ஏற்பாடு.

அன்று காலை, ஊர்வலம் மேற்குக் குழியில் மீகாலின் பருப்புப் பானையைச் சுற்றி நின்றுகொண்டிருந்தபோது, கிழக்குக் குழியில் வெண்டெல் தரையில் படுத்துக்கொண்டிருந்தார். வெண்டெல் அமெரிக்காவிலிருந்து வந்த தொண்டர், ஓய்வுபெற்ற பல் டாக்டர். தரையில் ஒரு முழ அகலத்துக்குக் கல்லைப் பெயர்த்து அடியில் கடைசியாக ஒருதரம் பார்த்துவிடுங்கள் என்று ஓதேத் முந்தினநாள் சொல்லியிருந்தார். அந்தப் பள்ளத்தை வெண்டெல் தன் பழைய தொழில் கருவிகளோடு சுத்தம் செய்துகொண்டிருந்தார்.

"புரொபசர், இங்க கடவாப்பல்லு மாதிரி ஒண்ணு நீட்டிட்டிருக்கு. ஆடவே மாட்டேங்குது."

அவ்னேர் விளிம்பிலிருந்து எட்டிப் பார்த்தார். பிறகு, அந்தக் கோடையில் முதல் தடவையாக, குழிக்குள் இறங்கினார். அது ஒரு பெரிய சாடியின் காது, அதாவது கைப்பிடி. சுற்றிலும் மண் கெட்டித்துப்போயிருந்ததால் வெண்டெல் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து எடுத்தார். காதின் மேல் ஏதோ முத்திரை குத்தின தடம் இருந்தது. அவ்னேர் தன் தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்துக் கழுவினார். நான்கு சிறகு விரித்த ஒரு வண்டு. வண்டுக்கு மேலே பழைய எபிரெய எழுத்து. எழுத்துக் கூட்டினார். 'ராஜாவுக்கு' என்று இருந்தது.

பேராசிரியர் அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். வாழ்நாளெல்லாம் கல்லைக் காட்டி ராஜா என்றார், சாம்பலைக் காட்டி ராஜா என்றார், வெறும் குழியைக் காட்டிக்கூட ராஜா என்றார். ராஜா என்று ஒரு பொருள் தானாகவே வாயைத் திறந்து சொன்னது இதுதான் முதல் தடவை. கண்ணில் பொலபொலவென்று நீர் வந்தது, அவர் துடைத்துக்கொள்ளவும் இல்லை. போனை எடுத்து மனைவிக்குப் போட்டார்.

"தலியா, வந்தாச்சு."

"யாரு?"

"ராஜா."

பாலைப் பற்றி அன்று அவள் பேசவில்லை.

கையில் குச்சி ஐஸோடு ஊர்வலம் கிழக்குக் குழிக்கு வந்து சேர்ந்தபோது அவ்னேர் காதைத் தலைக்கு மேலே தூக்கிக் காட்டினார். எல்லோரும் கை தட்டினார்கள், மீகால்கூட. ஹெத்வா மட்டும் குழிக்குள் இறங்கிவந்து, கண்ணாடியை நெற்றியிலிருந்து மூக்குக்கு இறக்கிக்கொண்டு பார்த்தார். அருமையான காது என்றார். எசேக்கியா ராஜா காலம் என்றார். அதாவது ரெகொபெயாமுக்கு இருநூறு வருஷத்துக்கு மேல் பிந்தியது. இந்த முத்திரையைக் கண்டால் எசேக்கியா என்று சொல்லவேண்டும் என்பது அந்தத் தொழிலில் அரிச்சுவடி. அங்கே நின்றிருந்த பாதிப் பேருக்கு அதைச் சொல்லிக்கொடுத்தவரே அவ்னேர்தான். சந்தோஷத்தில் அவருக்கு அது ஞாபகம் வரவில்லை.

இப்போதுதான் வந்தது. பாயும் பேப்பரும் ஞாபகம் இருக்கிறதல்லவா? எசேக்கியாவின் சாடி தரைக்கு அடியில் என்றால், தரை அவனுக்கும் பிந்தியது. வாசல் ரெகொபெயாமுடையது இல்லை. இத்தனை வருஷத்து மாநாடும் போச்சு.

ஓதேத் நல்ல பிள்ளை. குருவின் முகம் வெளிறியதைப் பார்த்து, அவருக்குப் பழக்கமான மருந்தையே நீட்டினார்.

"அவ்னேர், ஒருவேளை இது எலி கொண்டு வந்து போட்டதா இருக்குமோ?"

எல்லோரும் அவர் வாயைப் பார்த்தார்கள். 'ஆமாம்' என்று ஒரு வார்த்தை போதும். வாசல் பிழைக்கும், ரெகொபெயாம் பிழைப்பான், மாநாடுகள் பிழைக்கும். ஆனால் இந்தக் காது எலி இழுத்துவந்த குப்பையாகிவிடும். எங்கே கிடந்தது, எதற்குச் சாட்சி என்று சொல்ல முடியாத வெறும் ஓடு. அவ்னேர் கையில் இருந்ததைப் பார்த்தார். வண்டு சிறகை விரித்துக்கொண்டிருந்தது. இதையா எலிக்கு விட்டுக்கொடுப்பது? வேறு எதைக் கேட்டாலும் கொடுத்திருப்பார்.

"எலியா? எந்த எலி?" குரல் மேடு முழுக்கக் கேட்டது. "மண்ணைப் பாருங்கய்யா, சிமெண்டு மாதிரி இருக்கு. டாக்டர் குடைஞ்சு எடுத்திருக்கார், கேளுங்க. இதுல எலிக்குப் பல்லு இறங்குமா? இந்தத் தரைக்கு அடியில எந்தக் காலத்துலயும் ஒரு எலி நுழைஞ்சது கிடையாது. நான் சத்தியம் பண்றேன்."

நுணலும் தன் வாயால் கெடும். யாருடைய குச்சி ஐஸோ சொட்டிக்கொண்டிருந்தது. ஹெத்வா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சரிப்பா, ஒரு எலியும் வரல. அப்ப அந்தக் கொள்ளுப்பேரன் பானை எலி கொண்டு வந்தது இல்ல. விளக்கு மூக்கு எலி கொண்டு வந்தது இல்ல. புகைக்குழாயும் இல்ல." மேல்சட்டைப் பையில் கையை விட்டு, பத்திரப்படுத்தியிருந்த சோடா மூடியை எடுத்துச் சாடியின் காதுக்குப் பக்கத்தில் வைத்தார். "இதுவும் இல்ல. இது எல்லாத்துக்கும் அப்புறம் போட்ட தரைன்னா, இந்த வாசலுக்கு என்ன வயசு? நீயே சொல்லு."

வெண்டெல் பாவம், படுத்த இடத்திலிருந்து நிஜமான அக்கறையோடு நிமிர்ந்தார்.

"அப்போ ராஜா சோடா குடிப்பாரா, புரொபசர்?"

அதற்கப்புறம் கொஞ்ச நேரம் அங்கே யாராலும் ஆராய்ச்சி செய்ய முடியவில்லை. ஆட்டுக்கிடை வாசலாக இருக்கலாம் என்று மீகால் ஒரு யோசனை சொன்னாள். அவ்னேர் சோடா மூடியையும் காதையும் மாறி மாறிப் பார்த்தார். ராஜாவை விடவும் மனமில்லை, வாசலை விடவும் மனமில்லை, சத்தியத்தை விழுங்கவும் வழியில்லை. கடைசியில் தொண்டையைச் செருமினார்.

"ஒரு சின்ன எலி வந்திருக்கலாம்" என்றார். "கிழக்கு ஓரத்துல மட்டும்."

"இந்தப் பக்கம் வரலியா?" என்றார் ஹெத்வா.

"வரல."

"முத்திரையைப் பார்த்துட்டு மரியாதையா ஒதுங்கிப் போயிருச்சாக்கும்."

குருட்டு எலிக்குப் பார்வை கிடையாது என்பதை அவ்னேர் பொறுமையாக விளக்க ஆரம்பித்தார். ஓதேத் குழிக்குள் இறங்கி அவர் தோளில் கை வைத்தார். சிரிப்பை அடக்கி அடக்கி அவர் முகம் தக்காளியாகிவிட்டிருந்தது. கெட்டி மண்ணில் கிடைத்த இப்படி ஒரு காதை வைத்துக்கொண்டு குழியை மணல் போட்டு மூடினால் தொழிலுக்கே துரோகம் என்றார். மீகால் தன் குழிக்கான பணத்தில் பாதியை விட்டுக்கொடுப்பதாகச் சொன்னாள். எலியைப் பிடித்தால் தன் பானையில் மிச்சப் பருப்பை யார் தின்றார்கள் என்றும் கேட்டுச் சொல்லச் சொன்னாள். அவ்னேர் முகத்தில் ரத்தம் திரும்பியது.

"ஆனா ஒண்ணு" என்றார் ஓதேத், கூடுதல் மரியாதையோடு. "அடுத்த கோடையில நீங்க வாசலைத் தொடக்கூடாது, ராஜாவைத் தேடக்கூடாது. எலி வளை எங்க ஆரம்பிக்குது, எங்க போகுது, எதைத் தொட்டுச்சு, எதைத் தொடலை. அதை மட்டும் தோண்டுங்க. நீங்கதானே எனக்குச் சொல்லிக்குடுத்தீங்க, முதல்ல வளையைக் காட்டுன்னு."

மலையைக் கெல்லி எலியைப் பிடித்த கதை என்று நாம் கேலியாகச் சொல்கிறோம். தெல் ஹரூவில் அதையே அடுத்த வருஷத்து வேலைத் திட்டமாகப் போட்டு, எல்லோரும் கை தூக்கி நிறைவேற்றினார்கள்.

அவ்னேர் நொந்துபோயிருப்பார் என்று நினைக்கிறீர்களா? அந்த ரகத்தை உங்களுக்கு இன்னும் தெரியவில்லை. மறு கோடையில் விடிவதற்கு முன்னால் முதல் ஆளாக வந்து, குழிக்குள் இறங்கி, முட்டி போட்டு, கரணையின் நுனியால் பொலபொலத்த மண்ணின் ஓரத்தைக் கோடு கிழித்தார். வளை நிஜமாகவே இருந்தது. கிழக்கு ஓரத்தில் புகுந்து சுவருக்கு அடியில் திரும்பிப் போனது. அவருக்கு உண்டான சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. பலகார வேளையில் முட்டையை உரித்துக்கொண்டே, ஒருவேளை இது சாதாரண வயல் எலியாக இல்லாமல் இருக்கலாம் என்றார். குச்சி ஐஸ் நேரத்தில், இவ்வளவு அகலமும் வளைவுமாக ஒரு வளை வேண்டுமென்றால் தலைமுறை தலைமுறையாக ஓரிடத்தில் வேரூன்றிய குடும்பமாகத்தான் இருக்க வேண்டும் என்றார். மத்தியானம் மனைவி போனில் ராஜா வந்தாச்சா என்று கேட்டபோது, அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ராஜா இல்ல, தலியா. எலி. ஆனா நான் அன்னிக்கே சொல்லலையா, இது அரண்மனை எலி."

சிரித்தீர்களா? நன்றாகச் சிரியுங்கள். சிரித்து முடித்தபின் ஒரு நிமிஷம் உங்கள் வீட்டுத் தரையையும் தட்டிப் பாருங்கள். பிள்ளைக்கு மார்க் வந்தால் நம் ரத்தம், குறைந்தால் வாத்தியார் சரியில்லை. குழம்பு ருசித்தால் கைப்பக்குவம், கரித்தால் இந்தக் காலத்து உப்பு. ஜெயிப்பார் என்று நீங்கள் அடித்துச் சொன்ன ஆள் தோற்றால் அன்றைக்கு மழை. உங்கள் கட்சிக்குச் சாதகமானதெல்லாம் வைத்த இடத்தில் வைத்தபடி இருக்கிறது. பாதகமானதை மட்டும் ஏதோ ஒன்று இழுத்துக்கொண்டுவந்து போட்டுவிடுகிறது. வளையை யாரும் காட்டுவதில்லை. நான் மட்டும் என்ன, இந்தக் கதையில் எங்காவது தப்பு இருந்தால், நான் எழுதும்போது சரியாகத்தான் இருந்தது.

இதைப் படிக்கும்போது உங்களுக்குத் தெரிந்த ஒருவர் முகம் வந்துபோயிருக்குமே? மைத்துனரோ, மேலதிகாரியோ, எதிர்வீட்டுக்காரரோ, அப்படியே இவர்தான் என்று தோன்றியிருக்கும். உங்கள் முகம் ஒருதரமும் வரவில்லை அல்லவா? இருக்கட்டும், அதற்கு நீங்கள் என்ன செய்வீர்கள். அதையும் எலிதான் தூக்கிக்கொண்டு போயிருக்கும்.